ஏரி திறப்பதாக வந்த குரல்

மரக்காணத்துப் பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்த இரண்டாவது வருடம், ஒரு திங்கட்கிழமை காலை, என் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. காய்ச்சல் ஏதும் பரவுகிறதோ என்று நினைத்தேன். வந்திருந்த பிள்ளைகளைக் கேட்டால், "சுனாமி வருதாம் மிஸ். எல்லாரும் சொந்தக்காரங்க வூட்டுக்குப் போய்ட்டாங்க" என்றார்கள்.

முந்தின நாள் எல்லோருடைய கைப்பேசிக்கும் ஒரு வீடியோ வந்திருக்கிறது. கறுப்பாக ஓர் அலை கார்களையும் வீடுகளையும் உருட்டிக்கொண்டு போகிறது. மேலே தமிழில், "நம் கடற்கரை, உஷார்" என்று எழுதியிருந்தது. அலை தள்ளிக்கொண்டு போன கடைகளின் பெயர்ப் பலகைகளில் இருந்தது எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு தேசத்து எழுத்து. அதை ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். என் மாணவி ஒருத்தியின் சித்தி, கைக்குழந்தையோடு இருட்டில் ஓடி, வாய்க்காலில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "சிலபஸ்ல இல்லாததெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று தலைமையாசிரியர் முனகினார். ஆனால் தடுக்கவில்லை.

முதல் வகுப்பில் அதே வீடியோவைத்தான் மறுபடியும் போட்டேன். "அலையைப் பாக்காதீங்க, பலகையைப் பாருங்க" என்றேன். வகுப்பு முழுக்க ஒரே சத்தம். அடுத்த வாரம், கல் உப்பில் கண்ணாடித் தூள் கலக்கிறார்கள் என்று சுற்றிக்கொண்டிருந்த ஒரு செய்தியைப் படித்துக் காட்டினேன். உப்பள வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கம்மா தெனம் கையால வாருது மிஸ். கண்ணாடி இருந்தா கை கிழியாதா?" என்றாள் ஒருத்தி.

அவள் மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்கிற பெண். அதுவரை அவள் குரலை நான் கேட்டதே இல்லை. அப்பா, அம்மா இருவருக்கும் உப்பளத்தில் வேலை. மழை மாதங்களில் உப்புப் பாத்திகள் மூழ்கிவிடும். அப்போது அப்பா, முதலாளி குவித்துவைத்திருக்கிற உப்பு அம்பாரத்துக்குக் காவல் இருப்பார். பாத்திகளுக்கு நடுவே, ஓடைக்கரையில் இருக்கிற சின்னக் குடியிருப்பில் அவர்கள் வீடு.

கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதிப்போட்டேன். யார் சொல்கிறார்கள்? எப்போது சொன்னது? அந்த இடத்தில் இருக்கிற யாரையாவது கேட்க முடியுமா? இந்த மூன்றையும் அவள் பிடித்துக்கொண்டது போல வேறு யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. சித்தப்பா குடும்பக் குரூப்பில் போடுகிற படங்களையெல்லாம் எந்த வருடத்தது, எந்த ஊரில் எடுத்தது என்று தேடிக் கண்டுபிடித்துவிடுவாள். "ஃபார்வர்ட் பண்ணாதீங்க சித்தப்பா, இது பழசு" என்று பதில் போடுவாள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவள் அம்மா என்னிடம் பெருமையும் சலிப்புமாகச் சொன்னாள்: "ஊரே எங்க வூட்டுக்கு வருது டீச்சர். ஃபோன காட்டி, இது மெய்யா பொய்யான்னு இதுங்கிட்ட கேட்டுட்டுத்தான் போவுது."

வந்தது எல்லாமே பொய்யாக இருந்ததால், அவள் சொன்னது ஒருமுறைகூடத் தப்பவில்லை.

அந்த ஐப்பசியில் புயல் வந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டு இரண்டு நாளாக மழை நிற்கவேயில்லை. பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போன என் கணவரால் திரும்பி வர முடியவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில் நான் தனியாக இருந்தேன். கரண்ட் இல்லை. கைப்பேசியில் மிச்சமிருந்த சார்ஜைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்துகொண்டிருந்தேன்.

முற்பகலில் அந்தக் குரல் வந்தது. ஆசிரியர்கள் குரூப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். மழைச் சத்தத்துக்கு நடுவே மூச்சு வாங்கப் பேசும் ஓர் ஆண் குரல். "எல்லாரும் கேட்டுக்குங்க. ஏரி ரொம்பிடுச்சி. ஷட்டர தொறக்கப் போறாங்க. ஓடையோரம் இருக்கறவங்க ஒடனே கெளம்புங்க, மேட்டுக்குப் போய்டுங்க. தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்புங்க, லேட் பண்ணாதீங்க." அவ்வளவுதான். பேர் இல்லை. எந்த ஏரி என்றுகூட இல்லை.

உடனே வகுப்புக் குரூப்பைத் திறந்தேன். பெற்றோர்களின் எண்களை வைத்து நடக்கிற குரூப் அது. பெரும்பாலும் பிள்ளைகள்தான் பார்ப்பார்கள். அதே குரல் அங்கேயும் வந்திருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "இது பொய். போன வருசமும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. யார் பேசறாங்கன்னு இல்ல. தேதி இல்ல. யாரும் நம்பாதீங்க." அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அவள் குடியிருப்பைச் சேர்ந்த பிள்ளைகளுடையவையும் அதில் இருந்தன. யாரோ ஒருத்தி, "மிஸ் சொல்லிக்குடுத்தா மாதிரியே கரெக்டா சொல்ட்ட" என்று எழுதியிருந்தாள்.

அந்த வரியை மறுபடியும் படித்தேன்.

நான் எழுதிப்போட்ட கேள்விகளை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பிழையில்லை. போன வருடம் அப்படி ஒரு குரல் வந்ததும் நிஜம், அது பொய்யாய்ப் போனதும் நிஜம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் பார்த்திராத அளவுக்குத் தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். பயந்து பேசுகிறானா, பயமுறுத்தப் பேசுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. மெய் என்று எழுதினால், கைக்குழந்தைகளையும் நடமாட முடியாதவர்களையும் இந்த மழையில் சும்மா ஓடவிட்டவள் ஆவேன். எழுதாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே முடியவில்லை.

தாலுகா அலுவலக எண்களை அழைத்தேன். எல்லாம் பிஸி. பிறகுதான் எங்கள் பி.டி. சார் நினைவுக்கு வந்தார். அவர் வீடு மேற்கே, ஏரிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. பல முறை முயன்றபின் எடுத்தார்.

"சார், அந்த வாய்ஸ் கேட்டீங்களா? உண்மையா?"

"உண்மைதான் மேடம். அது இங்க இருக்கற தலையாரியோட கொரலு. எங்க வூட்டு கேட்டாண்ட நின்னுதான் பேசி அனுப்புனாரு. மைக் கட்டுன ஆட்டோ ஒண்ணு கெளம்புச்சி. மரம் வுழுந்து ரோடே பிளாக். அங்கியே நிக்குது. அதான் ஃபோன்ல பேசி அனுப்பிட்டாரு."

தலையாரி என்பது எங்கள் பக்கம் கிராம உதவியாளரைச் சொல்வது. அரசாங்கச் சேதியை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை.

"தொறந்துட்டாங்களா சார்?"

"தொறந்துக்கினு இருக்காங்க."

போனை வைத்ததும் குரூப்பில் எழுதினேன். உண்மை, நான் விசாரித்துவிட்டேன், ஓடையோரம் இருப்பவர்கள் உடனே கிளம்புங்கள். ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றது. அவள் வீட்டு எண்ணை அழைத்தேன். ஸ்விட்ச் ஆஃப். அதே குடியிருப்பில் இன்னொரு எண், மணி அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு என் கைப்பேசியில் சிக்னலே இல்லை.

வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எங்கள் பள்ளியைத்தான் முகாமாகத் திறந்திருப்பார்கள் என்று தெரியும். முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். குடை இரண்டாவது திருப்பத்திலேயே மடங்கிவிட்டது.

பள்ளியில் வகுப்பறைகள் நிறைந்திருந்தன. பாய்களும் மூட்டைகளும் ஈரத்துணிகளுமாக, வேறு வேறு குடியிருப்புகளிலிருந்து ஜனங்கள் வந்திருந்தார்கள். ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தேன். அவள் இல்லை. அவள் குடியிருப்பிலிருந்து ஒரே ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்த அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே, "மத்தவங்க வரலங்க டீச்சர்" என்றாள்.

"ஏன் வரல?"

"அந்தப் பொண்ணு பொய்னு சொல்லிடுச்சாம். அதான் உக்காந்துட்டாங்க. எங்க வூட்டுக்காரருக்குத்தான் மனசு கேக்கல, கூட்டியாந்துட்டாரு."

என்னைக் குத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. எதை எங்கே கற்றுக்கொண்டு அந்தப் பெண் அப்படிச் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

முகாமில் இருந்த வருவாய்த்துறை ஊழியரிடம் போய்ச் சொன்னேன். "டிராக்டர் ஒண்ணு அனுப்பியிருக்கோம் மேடம். படகும் கேட்டிருக்கோம்" என்றார். அந்தக் குடியிருப்புக்கு ஒரே ஒரு மண்பாதை. இரண்டு பக்கமும் பாத்திகள். பாத்தி நிரம்பிவிட்டால் பாதை எது, பாத்தி எது என்று கண்ணுக்குத் தெரியாது. வெயில் நாளில் அந்தப் பாதையில் நடந்து அவள் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். இப்போது கண்ணை மூடினால் அந்தப் பாதைதான் வந்தது, அதன்மேல் தண்ணீரோடு.

கேட்டருகில் நின்றிருந்தபோது ஒரு வேன் வந்தது. ஓடைப் பாலத்தை ஒட்டி மளிகைக்கடை வைத்திருப்பவர் ரொட்டிப் பாக்கெட்டுகளும் பால் பவுடரும் கொண்டுவந்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். பல வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து இங்கே கடை போட்டவர். அவரை அத்தா என்று கூப்பிடுகிற மகளும் என் வகுப்புதான். அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்ணுக்கு நெருங்கிய சிநேகிதி. வேனிலிருந்து இறங்கியதும் என்னிடம் ஓடிவந்தாள்.

"மிஸ், அவ வந்துட்டாளா?"

"இல்லம்மா. ஒனக்கு ஏதாவது தெரியுமா?"

"அவ எனக்கு ஃபோன் பண்ணா மிஸ். பொய்னு போட்டாளே, அதுக்கப்பறம். ஒங்க கடையாண்ட பாலத்துல தண்ணி எப்டி ஓடுது, போய்ப் பாத்துட்டு சொல்லுன்னா. நானும் அத்தாவும் போனோம். தண்ணி செம்மண் கலர்ல வருது மிஸ். வெங்காயத்தாமரை கூட்டங்கூட்டமா மெதந்துக்கினு வருது. அதெல்லாம் ஏரிலதான் இருக்கும், இந்தப் பக்கம் கெடையாது. நான் வீடியோ எடுத்தேன். என் பேரு, எடம், இன்னிக்குத் தேதி எல்லாம் சொல்லித்தான் எடுத்தேன். அனுப்பிட்டேன்."

"பாத்தாளா?"

"ரெண்டு டிக் வந்துச்சி மிஸ். நீலமாவல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. இருவரும் ரொட்டி பிரித்துக் கொடுக்கிற வேலையைச் செய்தோம். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவள் எழுந்து எழுந்து வாசலுக்கு ஓடினாள். அவள் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

மாலை வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில் டிராக்டர் வந்தது. டிரெய்லரில் நின்றபடியே ஜனங்கள், தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் இறங்கினாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிநேகிதி கட்டிக்கொண்டபோதும் சிலைபோல நின்றாள்.

உள்ளே கூட்டிப்போய்த் துண்டு கொடுத்து, டீ கொடுத்து, நடந்ததைக் கேட்டேன். அம்மாதான் பாதி சொன்னாள். குரூப்பில் பொய் என்று எழுதிவிட்டு வெளியே வந்தவள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டிவைத்த மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். தான் எழுதிய ஒரு வரிக்காக என்று தெரிந்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மூன்றாவது கேள்வியைத் தான் கேட்கவேயில்லை என்று அப்போதுதான் தோன்றியிருக்கிறது. சிநேகிதிக்குப் போன் செய்தாள். வீடியோ வந்து, அதைத் திறந்து பார்த்து முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

அப்பா அம்பாரத்துக் கொட்டகையில் இருந்தார். ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் நகரவில்லை.

"காலைல நீதான பொய்னு சொன்ன? இப்ப மெய்யின்ற. ஒரே நாள்ல ரெண்டு பேச்சா?"

"காலைல யாரையும் கேக்காம சொல்லிட்டேம்பா. இப்ப கேட்டுட்டு சொல்றேன். இந்தா, பாரு."

வீடியோவில் பாலமும் கடைப் பலகையும் அவருக்குத் தெரிந்தன. மிதந்து வந்த வெங்காயத்தாமரையைப் பார்த்தார். பேசாமல் எழுந்து, அம்பாரத்தை மூடிய தார்ப்பாயின் கயிற்றை இன்னொருமுறை இறுக்கிக் கட்டிவிட்டு அவளோடு வந்தார். அதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவள் வீடு வீடாகப் போய், "நான் சொன்னது தப்பு, கெளம்புங்க" என்று வாயால் சொன்னாள். சிலர் உடனே எழுந்தார்கள். சிலர் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "போடி, ஒனக்கு வேற வேல இல்ல, புள்ள இப்பத்தான் தூங்குது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிராக்டர் வந்தபோதும் அந்த வீட்டிலிருந்து யாரும் ஏறவில்லை. பிறகு தண்ணீர் சடாரென்று ஏறிவிட்டது.

அந்தக் குடும்பத்துக்காக நாங்கள் காத்திருந்தோம். அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "அவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள். ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியாததை எப்படிச் சொல்வது என்று நிறுத்திக்கொண்டேன். அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன்.

உப்புக் கிடங்கின் மேல்தளத்தில் ஏறி நின்றிருந்தவர்களைப் படகில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த அக்கா, அவள் கணவன், மாமியார், குழந்தை. குழந்தை நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து வாங்கிக்கொண்டாள். அந்த அக்கா போகிற வழியில் இவள் முன்னால் நின்றாள். "ஒன் பேச்ச நம்பித்தானடி மூட்டைய அவுத்தோம்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போனாள்.



குழந்தை பிழைத்துவிட்டது. நாலைந்து நாள் காய்ச்சலில் கிடந்து தேறியது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. அம்பாரத்தில் பெரும்பகுதி கரைந்து போயிருந்தது.

பள்ளி திறந்ததும் அவள் வந்தாள். எல்லா வகுப்பிலும் ஒழுங்காக இருந்தாள். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் மட்டும் தலையைப் பெஞ்சில் கவிழ்த்துக்கொண்டாள். அடுத்த வெள்ளியும் அப்படியே. "ஃபோன தொடவே மாட்டேங்குது டீச்சர். யாராவது கேட்டா உள்ள போயிடுது" என்றாள் அவள் அம்மா. எனக்கோ, அந்த வகுப்பையே நிறுத்திவிடலாமா என்றிருந்தது. நம்பாதே என்று சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டு போலக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த முறை மெய்யான சேதி இதே போல அரைகுறையாக வந்தால் என்ன செய்வார்கள் என்ற யோசனை என்னை விடவில்லை.

கடைசியில் பி.டி. சாரிடம் சொல்லி, அந்தத் தலையாரியை வகுப்புக்கு வரவழைத்தேன். நடுத்தர வயதுக்காரர். மேஜை பக்கத்தில் கூச்சத்தோடு நின்றார். அவருடைய குரலைப் போட்டுவிட்டு, "ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்றேன்.

சுவரோரத்திலிருந்து அவள் எழுந்தாள்.

"சார், நீங்க ஏன் பேரு சொல்லல?"

"அவசரத்துல தோணலம்மா. என் கொரலு எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாது சார். நான் ஒங்க ஊருக்கு வந்ததே இல்ல."

அவர் முகம் மாறியது. அந்தக் குரல் எங்கெங்கே போய்ச் சேர்ந்தது, அதை என்னவென்று நினைத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. "அன்னிக்கு ஒங்க ஊருக்கு நடந்தாவது வந்திருப்பேன்மா. தண்ணி வுடல" என்றார். பிறகு, "அப்ப எப்டி பேசணும்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

பிள்ளைகள் எழுந்து நின்றுகொண்டு ஆளுக்கொன்று சொன்னார்கள். பேர் சொல்லணும். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சொல்லணும். தேதி, நேரம், எந்த ஏரி, எந்தெந்தத் தெரு. சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் பண்ணணும். அவர் அங்கேயே கைப்பேசியை எடுத்துப் பேசிப் பார்த்தார். நேரத்தை மறந்துவிட்டார். "சார், டைம்!" என்று கத்தினார்கள். மறுபடி பேசினார். இந்த முறை எந்த ஏரி என்பதை விட்டுவிட்டார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை. கடைசியாக அவர் சரியாகப் பேசி முடித்ததும், "இத ஒரு வாட்டி கேட்டா போதும் சார், நான் கெளம்பிடுவேன்" என்றாள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பொங்கல் தாண்டியும் அவர்கள் வீட்டோடு பேசவில்லை. பாத்திகளில் தண்ணீர் வற்றி, வேலை ஆரம்பித்து, உப்பு வாரத் தொடங்கிய பிறகு ஒரு நாள், அவள் அம்மா பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்து நின்றாள்.

"நேத்து அந்தப் பொண்ணு வந்துச்சி டீச்சர். அதான், பக்கத்து வூட்டுப் பொண்ணு. ரேஷன் கார்டு கேன்சல் ஆவுதுன்னு ஏதோ மெசேஜ் வந்துருக்கு. வாசல்லயே நிக்குது, உள்ள வரல. எங்கிட்டதான் கேக்குது, இதுங்கிட்ட கேக்கல."

"அப்பறம்?"

"இதுவே வெளிய போச்சி. வாங்கிப் பாத்துட்டு, எனக்குத் தெரியலக்கா, ரேஷன் கடைல கேட்டாத்தான் தெரியும்னு சொல்லுச்சி. அந்தப் பொண்ணு, எனக்கு அங்கல்லாம் கேக்கத் தெரியாதுன்னுச்சி. ரெண்டும் சேந்து போச்சிங்க. புள்ளைய இதுதான் தூக்கிக்கினு போச்சி."

பேருந்து வந்துவிட்டது. அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள்.